சின்னக் கோபுரங்களின் கதை



எமது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் அச்சுக்கூடங்களை மறப்பதில்லை. 1849ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் சென்னபட்டணம் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய செய்தியைப் பாடசாலைப் பிள்ளைகளும் சொல்வார்கள். எந்தப் பத்திரிகை எப்போது தொடங்கியது, எத்தனை இதழோடு நின்றது என்பதற்கெல்லாம் பட்டியல் வைத்திருக்கிறோம். வானொலிக்கும் ஓரளவு வரலாறு எழுதிவிட்டார்கள். ஆனால், ஒரு மொழியைக் குறைந்த மின்சக்தியில் ஒரு வட்டாரத்துக்கு மட்டும் ஒளிபரப்பிய சின்னத் தொலைக்காட்சிக் கோபுரங்களைப் பற்றித் தமிழில் பேசுவோர் மிகச் சிலரே. இன்று அவற்றைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

இந்த எண்ணம் எனக்கு எழுந்தது ஸ்பானிய மொழியின் கதையைப் படித்தபோது. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்ரோனியோ என்றொரு நகரம். அங்கே மெக்சிக்கோவில் பிறந்த ராவுல் கோர்ட்டெஸ் என்பவர் 1946இல் ஸ்பானிய மொழிக்கென்று ஒரு வானொலி நிலையத்தையும், 1955இல் ஒரு தொலைக்காட்சி நிலையத்தையும் தொடங்கினார். அமெரிக்காவின் முதலாவது ஸ்பானிய மொழித் தொலைக்காட்சி அதுதான். அதற்குக் கிடைத்த அலைவரிசை எண் 41. அக்காலத்துப் பெட்டிகளிற் பெரும்பாலானவை 2 முதல் 13 வரையிலான எண்களையே பிடிக்கும். 41ஐப் பார்க்க வேண்டுமானால் தனியாக ஒரு மாற்றுக் கருவி வாங்கிப் பெட்டியோடு பொருத்த வேண்டும். கூலி வேலைக்குப் போகும் மெக்சிக்கக் குடும்பங்கள் தமது மொழியைக் கேட்பதற்காக அந்தச் செலவையும் செய்தன. எல்லாப் பெட்டிகளும் எல்லா எண்களையும் பிடிக்க வேண்டுமென்று 1962இல் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1964இல்.

பின்னர் 1982இல் அமெரிக்க அரசு 'குறைந்த சக்தித் தொலைக்காட்சி' என்ற தனிவகை அனுமதியை ஏற்படுத்தியது. ஒரு வகை அலைவரிசைக்கு 10 வாற், இன்னொரு வகைக்கு 1000 வாற். 10 வாற் என்றால் வீட்டு விறாந்தையில் எரியும் சிறு குமிழின் அளவு. பணமில்லாத சிறு நகரங்களும் தேவாலயங்களும் பிற மொழியினரும் இதைப் பிடித்துக்கொண்டனர். ஸ்பானிய மொழி இந்த வழியாகப் பல ஊர்களுக்குள் நுழைந்தது. ஆயினும் சட்டத்தில் இவற்றுக்கு இரண்டாந்தர இடமே கொடுக்கப்பட்டது. அதே அலைவரிசையில் ஒரு பெரிய நிலையத்துக்கு இடையூறு வந்தால் சின்ன நிலையம் விலக வேண்டும். இந்த விதியைப் படித்தபோது நான் சற்று நிறுத்திவிட்டேன். எமது பக்கத்தில் எழுதப்படாமலே நடைமுறையில் இருந்த விதியை அவர்கள் சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி எமது பக்கத்துக்கு வருவோம். நான் இறுப்பிட்டியிற் பிறந்தவன். குறிகட்டுவான் துறையில் நின்றால் நயினாதீவு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அதற்கப்பால் கடல். கடலுக்கப்பால் இந்தியா. 1980களில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் ரெலிவிஷன் பெட்டி இருந்தது. கொழும்பிற் கடை வைத்திருந்த ஒருவர் வாங்கி, வாணர் பாலத்தால் லொறியில் ஏற்றி அனுப்பியது. மின்சாரத்துக்கு ஜெனரேற்றர் அல்லது பற்றரி. அன்ரனாவை நீண்ட இரும்புக் குழாயில் கட்டி வேலியோரத்துப் பனையோடு சேர்த்து நிறுத்தியிருந்தார்கள். மாலையில் ஓர் இளைஞர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளேயிருந்து ஒருவர், "இன்னும் கொஞ்சம் வடக்காலை திருப்படா தம்பி" என்று கத்துவார். "இப்ப வருகுதோ?" "இல்லையடா, பூச்சிதான் பறக்குது!" இந்த உரையாடலைக் கேட்காத தீவார் அந்தத் தலைமுறையில் இல்லை.

அந்தக் குழாய் ஏன் வடக்கே திரும்பியது என்பதுதான் கேள்வி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. எங்கள் ஊரிலிருந்து அது 350 கிலோமீற்றருக்கும் அப்பால். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்பவை. உலகம் உருண்டை ஆதலால் அவ்வளவு தூரம் வரக்கூடாது. ஆனால், காற்று ஓய்ந்த வெக்கையான மாலைகளில் கடலின்மேல் ஈரக்காற்றும் சூட்டுக்காற்றும் அடுக்கடுக்காகப் படிந்து நிற்கும்போது, அலைகள் அந்த அடுக்கினூடே வளைந்து தொலைதூரம் ஓடிவரும். பெருங்காற்று எழுந்தால் படம் கலைந்துவிடும். பருவக்காற்றைப் பார்த்துப் பாய் விரித்த எமது முன்னோரைப் போல, எமது ஊரார் காற்றைப் பார்த்து 'ஒளியும் ஒலியும்' பார்த்தார்கள். 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் உயர்சக்திக் கோபுரம் வந்தபின் இந்தச் சிரமம் பெரிதும் குறைந்தது.

கொழும்பிலிருந்தும் படம் வந்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியோடு தொடங்கியது. பீதுருதாலகால மலையிலிருந்தும் பின்னர் கொக்காவிலிலிருந்தும் ஒளிபரப்பியது. ஆனால், அதிலே தமிழுக்கு ஒதுக்கிய நேரம் சொற்பம். ஆகவே சட்டப்படி எமக்குரிய கோபுரத்தைவிட்டு, எம்மை நினைத்துக் கட்டப்படாத கோபுரத்தை நோக்கியே எமது அன்ரனாக்கள் திரும்பி நின்றன.

வந்த தமிழ் எம்முடைய தமிழா? எங்கள் அப்பாச்சி 'வயலும் வாழ்வும்' பார்க்கத் தவறுவதில்லை. ஆற்றுநீர் பாய்ந்து விளையும் நெல்லுக்கு அவர்கள் மருந்து சொல்வார்கள். மாரி மழையை நம்பி விதைக்கிற எங்கள் ஊரில் அந்த யோசனைகளால் ஒரு பயனும் இல்லை. ஒருநாள் அப்பாச்சி கேட்டார்: "உவை நல்லாத்தான் கதைக்கினம். ஆனா எங்கடை ஆக்கள் ஒருத்தரும் உந்தப் பெட்டிக்குள்ளை இல்லையோ?" நான் தமிழ் படிப்பித்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் இதைவிடக் கூர்மையான தொலைக்காட்சி விமர்சனத்தை வாசித்ததில்லை.

வானொலியில் எங்கடை ஆக்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்', சானாவின் 'லண்டன் கந்தையா', சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஆகிய நாடகங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே அலையில் ஏற்றின. ஒலிபரப்பியது கொழும்பு நிலையமே; அங்கே இருந்த தமிழ்ச் சேவையினர் எழுத்தாளரைத் தேடிப் பிடித்து எழுதுவித்தார்கள். தொலைக்காட்சி வந்தபோது அந்த வளம் அதே அளவில் அதற்குக் கைமாறவில்லை. காரணம் பணமும் கருவியும் மட்டுமென்று நான் நினைக்கவில்லை. 1983க்குப் பிந்திய கொழும்பில் தமிழ்க் கலைஞர் ஒருவர் இரவில் ஒத்திகை முடித்து வீடு திரும்புவதே பெரும்பாடு.

ஒரு வட்டாரத்தின் பேச்சிலேயே தொலைக்காட்சி நடத்த முடியும் என்பதற்குத் தென்னாசியாவில் ஓர் உதாரணம் உண்டு. அது தமிழ் நிலத்தில் நடக்கவில்லை, குஜராத்தில் நடந்தது. ஆனால் கதையின் முடிவு தமிழ்நாட்டில் இருக்கிறது. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1975இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை ஓராண்டுக்கு இரவல் வாங்கி, இந்தியா ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டியது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. (இடையில் ஒரு செய்தி: அந்தச் செயற்கைக்கோளின் படத்தைப் பிடிப்பதற்கு இந்திய விண்வெளிப் பொறியியலாளர் கொழும்புக்கு வந்து ஆதர் சி. கிளார்க்கின் வீட்டில் ஒரு பெரிய தட்டு அன்ரனாவைப் பூட்டிக் கொடுத்தார்கள். விண்ணில் நிலைத்து நிற்கும் கோளின் மூலம் உலகமெங்கும் செய்தி அனுப்பலாமென்று 1945இலேயே எழுதியவர் அவர். இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே இல்லாத காலத்தில் அவர் வீட்டில் மட்டும் படம் ஓடியது.) இத்திட்டத்தின் பக்கத்துணையாக, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிஜ் என்னும் கிராமத்தில் ஒரு கிலோவாற் சக்தியுள்ள சிறு ஒளிபரப்பி நிறுவப்பட்டது. ஓராண்டு முடிந்து இரவல் கோள் திரும்பிப் போனது. பிஜ் கோபுரம் மட்டும் நின்றது.

கேடா பாலுக்குப் பேர்போன மாவட்டம். அமுல் கூட்டுறவு பிறந்த ஆனந்த் நகரம் அங்கேதான் இருந்தது. நாலாபுறத்துக் கிராமங்கள் ஏறத்தாழ நானூற்றில் அறுநூறுக்கு மேற்பட்ட பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மாலையானதும் பாற்கூட்டுறவு மண்டபத்துக்கும் பொது மனைகளுக்கும் முன்னால் மக்கள் கூடுவார்கள். நிகழ்ச்சிகளைத் தயாரித்தவர்கள் அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு நிலையத்தைச் சேர்ந்தவர்கள். தேசம் முழுவதையும் திருப்திப்படுத்தும் கடமை அவர்களுக்கு இல்லை. அதனால் அவர்கள் அந்த மாவட்டத்துக்கே உரிய பேச்சுவழக்கில், அந்த மாவட்டத்துக்கே உரிய விடயங்களை நாடகமாக்கினார்கள். கூலிக்காரருக்குச் சட்டப்படியான சம்பளம் கிடைக்காமை, சாதிக் கொடுமை, சீதனம், குடி ஆகியவற்றைப் பற்றியும் கூட்டுறவுச் சங்கத்துப் பெரியவர்களின் நடத்தையைப் பற்றியும் பேசினார்கள். கிராமத்தவரே நடித்தார்கள். பார்ப்பவர்களிடம் போய் விசாரித்து அடுத்த நிகழ்ச்சியைத் திருத்தினார்கள். விளம்பரம் கிடையாது.

நேயர்களே, நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளவருக்கு விளங்காதே என்ற கவலை இல்லாமல் ஒருவர் தொலைக்காட்சி நாடகம் எழுதுவதை எண்ணிப் பாருங்கள். மொழி ஆசிரியனாகிய எனக்கு அது பெரும் பேறாகத் தோன்றுகிறது. வட்டம் சுருங்கும்போது சொல் விரிகிறது. 'உவை', 'உந்த' என்று எமது தீவில் சாதாரணமாகச் சொல்லும் சுட்டுகளைத் தமிழ்நாட்டுக்கும் சேர்த்து எழுதுகிறவர் விட்டுவிடுவார். பழந்தமிழ் இலக்கணம் ஏற்ற உகரச் சுட்டு அது; எமது வாயில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

பிஜ்ஜின் சாதனையை உலகமும் கண்டது. 1984இல் கிராமியத் தொடர்பாடலுக்கான யுனெஸ்கோ பரிசு கேடாத் திட்டத்துக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1985இல், அந்த ஒளிபரப்பி கழற்றப்பட்டது. அகமதாபாத்தில் பெரிய கோபுரம் வந்துவிட்டது, இனிச் சின்னது எதற்கு என்பது ஒரு நியாயம். கிராம மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், பயனில்லை. கழற்றிய கருவியை எங்கே கொண்டுபோனார்கள்? சென்னைக்கு. அங்கே இரண்டாவது அலைவரிசை தொடங்குவதற்காக.

நாவலர் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு யந்திரத்தைக் கொண்டுவந்தார். இங்கே ஒரு யந்திரம் கேடாவிலிருந்து சென்னைக்குப் போனது. முந்தியது ஊருக்கு வாய் கொடுத்தது. பிந்தியது ஓர் ஊரின் வாயைப் பறித்து, ஏற்கெனவே வாயுள்ள நகரத்துக்கு இன்னொன்றைக் கொடுத்தது. தமிழ் வளர்ந்ததல்லவா என்று மகிழ எனக்கு மனம் வரவில்லை.

அதே காலத்தில் இந்தியாவெங்கும் சின்னக் கோபுரங்கள் காளான்போல் முளைத்தன என்பது இன்னுமொரு வேடிக்கை. 1984இல் நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் அவை நிறுவப்பட்டன. பெரும்பாலானவை 100 வாற் சக்தியுள்ளவை. ஆனால், அவற்றில் நிகழ்ச்சி தயாரிக்கும் கூடமோ ஒலிவாங்கியோ கிடையாது. இன்சற் 1பி செயற்கைக்கோளிலிருந்து டில்லி நிகழ்ச்சியை வாங்கி அப்படியே திருப்பி அனுப்புவதே அவற்றின் தொழில். தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் இப்படி வைத்த கோபுரங்கள் சென்னைத் தமிழுக்குப் பதிலாக டில்லி இந்தியைக் காட்டின. அதே சின்ன அளவுதான். ஆனால் சான் அன்ரோனியோவில் அது வாயாக இருந்தது, இங்கே அது குழாயாக இருந்தது.

இலங்கையிலும் தொலைக்காட்சி ஒரு சின்னக் கோபுரத்தோடுதான் தொடங்கியது. ரூபவாஹினிக்கு முன்னரே, 1979 ஏப்ரல் 13இல், புத்தாண்டுக்கு முதல்நாள், பன்னிப்பிட்டியில் ஒரு தோட்டத்திலிருந்து சுயாதீனத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. ஷான் விக்கிரமசிங்கவும் அனில் விஜேவர்தனவும் முன்னின்று நடத்திய தனியார் முயற்சி. கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் மாத்திரமே தெரியும். அதே ஆண்டு யூன் 5இல் அரசாங்கம் அதனைத் தன் பொறுப்பில் எடுத்தது. தனியார் நிலையமாக அது வாழ்ந்தது 53 நாள்கள். தொடங்கியவர்கள் அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் உறவு வட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கே அந்தக் கதியென்றால், அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழர் அனுமதி கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதே நிறுவனம் 2009 யூனில் 'வசந்தம்' என்ற தமிழ் அலைவரிசையைத் தொடங்கியது. கணக்குப் பார்த்தால் இடையிலே 30 ஆண்டுகள். தனியார் துறையில் 'சக்தி' 1998இல் வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னக் கோபுரம் இருக்கவில்லையா என்று நேயர் சிலர் கேட்கக்கூடும். இருந்தது, ஆனால் அனுமதி பெற்றதல்ல. 1980களின் நடுக்கூற்றில், குடாநாடு இயக்கங்களின் கையில் இருந்த காலத்தில், விடுதலைப் புலிகள் 'நிதர்சனம்' என்ற பெயரில் ஒளிபரப்பினார்கள். 1987 செப்ரெம்பரில் நல்லூர் வீதியில் திலீபன் நீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் இருந்த பன்னிரு நாள்களும் அதன் ஒளிப்பதிவுக் கருவிகள் அங்கே நின்றன. எமது தெருக்களையும் எமது முகங்களையும் எமது பேச்சையும் திரையில் முதன்முதலாகக் கண்டவர்கள் பலர் அதிலேதான் கண்டார்கள். அதை மறுப்பது நேர்மையாகாது. அது ஓர் ஆயுத இயக்கத்தின் கோபுரம் என்பதையும், அந்த இயக்கத்துக்கு ஒவ்வாத குரல் அதில் ஏறாது என்பதையும் மறைப்பதும் நேர்மையாகாது. கேடாவில் பார்வையாளர் நிகழ்ச்சியைக் குறைகூற முடிந்தது. அந்த வசதி எமக்குக் கிடைக்கவில்லை. 1987 ஒக்டோபரில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. 'ஈழமுரசு', 'முரசொலி' ஆகிய இரு நாளேடுகளின் அச்சகங்கள் தகர்க்கப்பட்டன. 1990இல் கொக்காவில் கோபுரமும் போரில் வீழ்ந்தது. அதனிடத்தில் புதிய கோபுரம் 2011இல்தான் எழுந்தது. நாங்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்ததும் 90களின் தொடக்கத்தில். பனையோடு கட்டிய குழாய்கள் அப்படியே நின்றன என்று பின்னர் போனவர்கள் சொன்னார்கள்.

சான் அன்ரோனியோவின் 41ஆம் எண்ணுக்கு என்ன நடந்தது? அது வென்றது. 1960களின் தொடக்கத்தில் கோர்ட்டெஸின் மருமகன் எமிலியோ நிக்கொலாஸும் மெக்சிக்கோவின் பெரும் ஒளிபரப்பு முதலாளி அஸ்காராகாவும் சேர்ந்த குழுவின் கைக்கு மாறி, ஒரு வலையமைப்பின் முதற்கண்ணியாகியது. 1987இல் அந்த வலையமைப்பு 'யூனிவிஷன்' என்ற பெயரைப் பெற்றது. கோடிக்கணக்கானோர் பார்க்கும் நிறுவனமாகவும் வளர்ந்தது. விலை ஒன்று கொடுத்தார்கள். கியூபாக்காரருக்கும் மெக்சிக்கருக்கும் புவேர்ட்டோ ரிக்கோக்காரருக்கும் ஒருசேர விளங்க வேண்டுமென்பதற்காக, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு ஸ்பானிய உச்சரிப்பைச் செய்தி வாசிப்பவர்களுக்குப் பழக்கினார்கள். ரெக்சாஸ் எல்லைப்புறத்தின் கலப்புப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி செயற்கைக்கோள் வழியாக வந்தபின் தமிழுக்கும் இதுவே நேர்ந்தது. அன்ரனாவைத் திருப்பும் வேலை ஒழிந்தது. பூச்சி பறப்பதும் நின்றது. எனது வகுப்பில் இப்போதுள்ள பிள்ளைகள் கட்டுரையில் 'கதைத்தான்' என்று எழுதிவிட்டுப் பிழையென்று நினைத்து வெட்டி, 'பேசினான்' என்று எழுதுகிறார்கள். நான் வெட்டியதை மீண்டும் எழுதுவிக்கிறேன்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று கணக்குச் சொல்ல முடிகிறது. நூலுக்கு இன்னொரு பிரதி எங்கேனும் இருக்கும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் அப்படித் தேடித்தேடி ஆயிரக்கணக்கில் சேர்த்திருக்கிறது. ஒலி, ஒளிப்பதிவுகளையும் அவர்கள் ஏற்கிறார்கள். ஆனால் கொடுப்பதற்கு நாம் வைத்திருக்க வேண்டுமே! காற்றில் ஏறிய படத்துக்கு, யாரேனும் பதிந்து வைத்திருந்தாலன்றி, பிரதி கிடையாது. இருப்பதெல்லாம் வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் வீடியோ கசற்றுகள்தான். கலியாண வீடு, கோயில் தேர், பாடசாலை நாடகம் ஆகியவற்றின் நடுவே யாரோ பெட்டியிலிருந்து பதிந்த அரைமணி நேர ஒளிபரப்பு எனப் பலதும் கலந்து கிடக்கும். கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் வாழும் தீவார் இடம்பெயரும்போது நகையோடு அவற்றையும் காவிக்கொண்டு போனவர்கள்.

அவற்றுக்கு ஆயுள் குறைவு. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்; முப்பது ஆண்டு சென்றால் நாடாவின் காந்தப் பூச்சு உதிரத் தொடங்கும். ஓட்டிப் பார்க்க டெக்கும் அரிதாகிவிட்டது. உலகத்தில் கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 யூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனது வீட்டில் ஓடக்கூடிய டெக் ஒன்று இருக்கிறது. கணினியில் ஏற்றும் கம்பியும் இருக்கிறது. கொண்டுவருபவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கலியாண வீட்டுக் கசற்றில் தாலி கட்டுமிடத்தை மட்டும் வெட்டித் தரவேண்டாம். பந்தலுக்குப் பின்னால் கறி காய்ச்சும் இடத்தில் கிழவிகள் கதைத்துக்கொண்டிருப்பார்களே, அந்தப் பகுதியையும் விட்டுவையுங்கள்.